இருசன் பார்த்த தோட்டம்

அச்சுக் கோர்க்கும் தம்பிகள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கிறது என்று எனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. போன வாரம் அனுப்பிய தாள்களில் சின்ன 'ர' வர வேண்டிய இடத்தில் எல்லாம் பெரிய 'ற' போட்டிருந்தேனாம். ஆசிரியர் ஐயா பொறுமையாகத் திருத்திப் போட்டிருக்கிறார். இந்த வாரமும் அவருக்கு வேலை வைத்திருக்கிறேன்.

மண் வண்டி ஓட்டிய நாட்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதச் சொன்னார்கள். வண்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாய்தான் நினைவுக்கு வருகிறது. நாயை நினைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முன்னால் நிற்கிறது.

குழி ஓரம்

பூந்தமல்லியில் பட்டாளத்துக்காரர்கள் இருந்த பகுதியைத் தண்டு என்று சொல்வோம். அதன் ஓரமாக வெள்ளைக்காரர்கள் போட்ட ஒரு பொதுத் தோட்டம் இருந்தது. எங்களுக்கு அது தண்டுத் தோட்டம். அதன் பின்வாசலுக்கு உள்ளே, கொடுக்காப்புளி வேலியை ஒட்டி, இலைக்குப்பை கொட்டும் குழி ஒன்று. பக்கத்தில் உடைந்த பூந்தொட்டிகளின் குவியல். அதற்கு அப்பால் நான் கொண்டுவந்து கொட்டிய ஏரி மண்.

அந்தக் குழி ஓரத்தில் நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். நான், என் மனைவி கன்னியம்மா, எங்கள் நாய் இருசன். மூன்று பேர் என்று எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

இருசன் என் கையில் இருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு போய், புங்க மரத்து நிழலில் இருந்த ஒரு பள்ளத்தில் இறங்கியது. இரண்டு சுற்று சுற்றியது. பிறகு சுருண்டு படுத்தது. அந்தப் பள்ளம் அதன் உடம்புக்கு அளவெடுத்து வெட்டியது போல இருந்தது. முதுகின் வளைவு, பின்னங்கால் மடங்கும் இடம் எல்லாம் மண்ணில் பதிந்திருந்தன. பல நாள் ஒரே இடத்தில் படுத்தால்தான் அப்படி ஒரு பள்ளம் விழும்.

கன்னியம்மா பள்ளத்தைப் பார்த்தாள். குப்பைக் குழியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவள் என்ன கண்டுபிடித்துவிட்டாள் என்பது எனக்கு உடனே தெரிந்தது. அது என்ன என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வண்டியோட சேர்த்தி

அப்போது எங்கள் வீடு முத்தாபுதுப்பேட்டையில். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக் கூடாரங்கள் வருவதற்கு முன்பு, யுத்தப் பேச்சே இல்லாத காலம். சுற்றிலும் நெல் வயல், பனை, ஏரி. நான் ஒரு நிலக்காரரிடம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டியும் அவருடையது, மாடும் அவருடையது. என்னுடையது என்று சொல்ல நாய் ஒன்றுதான்.

பங்குனி பிறந்தால் ஏரி வற்றும். அடியில் கறுப்பாக வண்டல் கிடக்கும். வெண்ணெய் மாதிரி மண். அதைத் தண்டுத் தோட்டத்துப் பூப்பாத்திகளுக்குக் கேட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரி அவர்களுக்குப் பக்கம்தான். ஆனால் அது பெரிய ஏரி, அங்கே மண்வெட்டி வைக்க வேண்டுமானால் பத்துப் பேரிடம் கேட்க வேண்டும். எங்கள் ஏரி சின்னது. கேட்பாரில்லை. எனவே ஆவடி வழியாக, பருத்திப்பட்டு தாண்டி, பூந்தமல்லி வரைக்கும் என் வண்டி போனது.

ஒரு நாள் வண்டிக்கு அடியில் தொங்கும் வைக்கோல் சாக்கில் ஒரு குட்டி கத்திக்கொண்டு இருந்தது. யார் போட்டார்கள் என்று தெரியாது. எடுத்து வெளியே விட்டேன், வண்டிக்கு அடியிலேயே ஓடி வந்தது. மறுநாளும் வந்தது. வண்டிச் சக்கரம் இரண்டையும் சேர்க்கும் இரும்புக்கு இருசு என்று பெயர். அந்த இருசின் நிழலிலேயே வளர்ந்ததால் இருசன் என்று கூப்பிட்டேன்.

மண் வண்டிக்காரர்கள் எல்லாருமே நாயை அப்படித்தான் கட்டுவோம். இருசில் ஒரு முழக் கயிறு, அதன் நுனியில் நாய். வெயில் படாது. மாட்டின் நடைக்கு ஏற்ப அதுவும் நடக்கும். வண்டி நின்றால் படுக்கும்.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரத் துரை போட்ட கட்டளை ஒன்று இருந்தது. முன்வாசலில் பலகையில் எழுதி வைத்திருந்தார்களாம். தோல் வாரும் சங்கிலியும் போட்ட நாய்க்குத்தான் அனுமதி. மற்ற நாய் உள்ளே வந்தால் அடித்துத் துரத்துவார்கள். முதல் நாள் பின்வாசலில் எனக்குப் பயமாக இருந்தது.

பின்வாசல் காவல்காரர் வரதன். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஒல்லி, எப்போதும் வெற்றிலை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"இது இன்னா?"

"நாய், அண்ணாத்தே."

"நாயா கீதா, வண்டியா கீதா?"

அவரே சொன்னார்.

"வண்டிக்கு அடியில கட்டிக்கீது. அப்போ அது வண்டியோட சேர்த்தி. சக்கரத்த கயட்டி வெச்சிட்டு உள்ள வான்னு யார்னா சொல்வாங்களா? போ, போ."

அன்றிலிருந்து இருசன் வண்டியோடு சேர்த்தியாக உள்ளே வந்தது. நான் மண்ணைச் சரித்து, மாட்டை அவிழ்த்து, கூழ் குடித்து முடிக்கும் வரை புங்க மர நிழலில் படுத்திருக்கும். பிறகு நானும் மாடும் நாயுமாகத் திரும்பிவிடுவோம்.

நாங்கள் பார்த்த தோட்டம் அவ்வளவுதான். குழி, தொட்டிக் குவியல், மண் மேடு. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கூரையின் கூர்முனை தெரியும். எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். எங்கள் ஆட்கள் உள்பக்கம் போவதில்லை. போகக் கூடாது என்று எழுதி வைத்திருக்கவில்லை. போவதில்லை, அவ்வளவுதான்.

நாயிடம் பேசினோம்

நான் சின்ன வயதிலிருந்தே கூச்சக்காரன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயரைக் கேட்டால் பக்கத்துப் பையன்தான் சொல்வான். பெண் பார்க்கப் போனபோது தலையைத் தூக்கவே இல்லை. கன்னியம்மாவின் கால் கட்டைவிரலை மட்டும் பார்த்துவிட்டு வந்து சம்மதம் சொன்னேன். கல்யாணம் ஆகி மூன்றாம் நாள்தான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

அவள் அப்படி இல்லை. கிணற்றடியில் அவள் சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். ஆனால் என்னோடு பேச அவளுக்கும் வழி தெரியவில்லை. பேசாதவனிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவாள்.

எங்களுக்கு வழி செய்து கொடுத்தது இருசன்தான். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் நாயைப் பார்த்துச் சொல்வாள். "இருசா, கை காலு கயுவிக்கினு வந்தா சோறு போடலாம்." நான் நாயிடம் சொல்வேன். "இருசா, உப்பு கொஞ்சம் தூக்கலா கீது." இரண்டு வருடம் எங்கள் குடும்பம் இப்படித்தான் நடந்தது. நாய் நடுவில் உட்கார்ந்து ஒரு முறை அவளையும் ஒரு முறை என்னையும் பார்க்கும்.

பிறகு எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. காய்ச்சல் என்றார்கள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், பனை வரிசையில் புதைத்தோம்.

அதற்குப் பிறகு கன்னியம்மா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கிணற்றுக்குப் போகவில்லை. என் அத்தை ஒருத்தி காலையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். கன்னியம்மா சோறு ஆக்குவாள், பெருக்குவாள், எல்லாம் செய்வாள். குரல் மட்டும் இல்லை. நாயிடமும் பேசவில்லை.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. அத்தை என்னைத் தெருவில் நிறுத்திச் சொன்னாள்.

"டேய், அவ அம்மா ஊட்டுக்கு அனுப்பிடு. இப்பிடியே உட்டா அவளும் பூடுவா."

அவளை அனுப்பினால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அன்று மாலை வீட்டில் சாப்பிடும்போது அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பேச வாய் வரவில்லை. நாயிடம்தான் வந்தது.

"இருசா, இன்னிக்கி தோட்டத்துல இன்னா பாத்த? சொல்லு."

நாய் வாலை ஆட்டியது. கன்னியம்மா திரும்பவில்லை.

"அந்தக் கல்லு மீனு கிட்ட போய் குந்திக்கினியே. மீனு வாயில இருந்து தண்ணி ஊத்துச்சே. நீ நாக்க நீட்டிக்கினு நின்னியே, வெக்கமா இல்ல?"

அப்படி ஒரு மீனை நான் பார்த்ததே இல்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டிருந்தேன். மீன் எங்கிருந்து வந்தது என்று இன்று வரை தெரியாது.

அவள் கை, தட்டின் மேல் கொஞ்சம் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தாள்.

வளர்ந்துகொண்டே போன பொய்

மறுநாள் ஒரு கிளிக்கூண்டு வைத்தேன். கிளி இருசனைப் பார்த்து, துரை வீட்டு பட்லர்கள் பேசும் அரைகுறை இங்கிலீஷில் திட்டியது. அதற்கு மறுநாள் பேண்டு வாசிக்கிற மேடை. தகரக் கூரையின் முனையைப் பார்த்திருந்ததால் மேடை கட்டுவது சுலபமாக இருந்தது. சிவப்பு உடுப்புக்காரர்கள் ஊத, இருசன் மேடைக்குக் கீழே உட்கார்ந்து கூடவே ஊளையிட்டது. ஒரு துரைசாணி அதற்கு பிஸ்கோத்து கொடுத்தாள்.

பிஸ்கோத்து வந்த அன்று கன்னியம்மாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று நான் இரண்டு உருண்டை அதிகம் சாப்பிட்டேன்.

பொய் சொல்கிறவன் கூச்சமில்லாதவனாக இருப்பான் என்று நினைப்பார்கள். நான் நாயைப் பார்த்துத்தான் சொன்னேன். நாய் எதையும் மறுக்கவில்லை. நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்து அன்று மாலைக்கு என்ன சொல்வது என்று யோசிப்பேன். பருத்திப்பட்டு வருவதற்குள் ஒன்று கிடைத்துவிடும். ரோஜாவுக்குக் குடை பிடித்திருந்தார்கள், கண்ணாடியில் ஒரு வீடு இருந்தது, அதற்குள் செடிகள் குடியிருந்தன. எல்லாவற்றையும் இருசன் பார்த்தது. நானும் கூடவே இருந்தேன் என்று தனியாகச் சொல்லவில்லை. கயிறு என் கையில்தானே இருக்கும்.

வைகாசி நடுவில் ஒரு சனிக்கிழமை. சாப்பாடு முடிந்து நான் கை கழுவப் போனேன். பின்னால் குரல் கேட்டது. ரொம்ப நாள் திறக்காத கதவு போல ஒரு குரல்.

"இருசா, தோட்டம் ஒனக்கு மட்டும் தானா? என்னியும் இட்டுகினு போ."

தண்ணீர்ச் சொம்பு என் கையில் அப்படியே நின்றது. மூன்று மாதத்தில் அவள் கேட்ட முதல் காரியம் இது. முடியாது என்று எப்படிச் சொல்வேன். அப்படி ஒன்றும் அங்கே இல்லை என்று எப்படிச் சொல்வேன்.

"நாளிக்கே போலாம், இருசா" என்றேன்.

இருசன் போன வழி

ஞாயிற்றுக்கிழமை மாடுகளுக்கு ஓய்வு. வண்டி கிடையாது. கன்னியம்மா வெயில் ஏறும் முன் வெளியே வந்து நின்றாள். கண் கூசியது போல, புறங்கையால் நெற்றியை மறைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு வாங்கிய பச்சைச் சேலை உடம்பில் தளர்ந்து தொங்கியது. அவ்வளவு இளைத்திருந்தாள் என்பது வெளிச்சத்தில்தான் தெரிந்தது.

நடந்தே போனோம். வழியில் ஒரு திட்டம் போட்டேன். முன்வாசலுக்குப் போவது. நாய்க்கு வாரும் சங்கிலியும் இல்லை, விடமாட்டார்கள். கட்டளை மாறிவிட்டது போலிருக்கிறது என்று சொல்லித் திரும்பிவிடலாம். பொய் பிழைத்துவிடும்.

தண்டு ஆரம்பிக்கும் இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். அகலமான பாதை முன்வாசலுக்கு. வண்டித் தடம் பின்வாசலுக்கு. நான் அகலமான பாதையில் திரும்பினேன். இருசன் நின்றது. இழுத்தேன். உட்கார்ந்துவிட்டது. மறுபடி இழுத்தேன். வண்டித் தடத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது.

கன்னியம்மா அதனிடம் சொன்னாள். "நீ தெனம் போற வயி ஒனக்குத் தெரியாதா. போ, நான் வரேன்."

நாய் முன்னால், அவள் பின்னால், நான் கடைசியில். அப்படித்தான் குப்பைக் குழிக்கு வந்து சேர்ந்தோம். இருசன் தன் பள்ளத்தில் படுத்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

நான் ஏதாவது சொல்வதற்குள் வரதன் வந்துவிட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"இன்னாப்பா கோயிந்தா, ஞாயித்துக்கெயம கூட இங்கியா? ஒனக்கு இந்தக் குப்பக் குயிய உட்டா வேற எடமே தெரியாதா? யாரு, ஊட்ல அம்மாவா? வாம்மா. ஒங்க ஊட்டுக்காரரு இத்தினி நாளு வந்து போறாரு, அந்த வேலிக்கு அந்தாண்ட எட்டிக் கூட பாத்ததில்ல. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

மிச்சம் இருந்ததும் போயிற்று. நான் தரையைப் பார்த்தேன். அவள் இப்போது திரும்பி நடப்பாள், வீட்டுக்குள் போவாள், இந்த முறை கதவு திறக்காது என்று நினைத்தேன். நாளைக்கே அவள் அண்ணனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும். வண்டியில் வந்து அழைத்துப் போவான்.

கன்னியம்மா நாயிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் கேட்டாள்.

"இன்னாய்யா, அப்போ நீயும் இத்த பாத்ததில்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"மீனு?"

தலையாட்டினேன்.

"அந்தத் துரைசாணி, பிஸ்கோத்து?"

"இல்ல" என்றேன். அவளைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அவள் வேலியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இம்மாந்தூரம் நடந்து வந்துட்டோம். வா, ரெண்டு பேரும் பாத்துட்டு வந்துடலாம்."

கைவண்டி

வரதன் குறுக்கே வந்தார்.

"நீங்க போங்க. நாயி போவக் கூடாது. தொர இப்போ சர்ச்சுக்குப் போய்க்கீறான், வர்ற நேரம் தான். அவன் கண்ணுல பட்டா என் வேல பூடும்."

"அத்த உட்டுட்டு நான் போவ மாட்டேன்" என்றாள் கன்னியம்மா. "அது சொல்லி தான் நான் வந்தேன்."

"வாரு கீதா? சங்கிலி கீதா?"

"தெனம் மட்டும் எப்பிடி உட்டீங்க?"

"அது வண்டியோட சேர்த்திம்மா. இன்னிக்கி வண்டி எங்க?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். தொட்டிக் குவியலுக்குப் பக்கத்தில், பூந்தொட்டி ஏற்றும் கைவண்டி ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டு சக்கரம், இரண்டு பிடி, மேலே பலகை.

"அது இன்னா?"

வரதன் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் இருசனே எழுந்துவிட்டது.

"கோயிந்தா, நீ வாயே தொறக்க மாட்ட. இவ உன் பங்கையும் சேத்துப் பேசறா. எடு, எடு. நாலு தொட்டிய ஏத்திக்கோ. தொர கேட்டா தொட்டி வெக்கச் சொன்னேன்னு சொல்றேன். முன்னாடி மேடைக்கிட்ட வெச்சிட்டு வந்துரு."

நான் நாலு தொட்டிகளை ஏற்றினேன். இருசன் தானாக வந்து கைவண்டியின் இருசுக்குக் கீழே நின்றது. அவள் கயிற்றைக் கட்டினாள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் நடுவில் நான் நடந்ததில்லை. கோட்டுப் போட்டவர்கள், குடை பிடித்தவர்கள், வெள்ளைக்காரக் குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு ஓர் ஆயா. எல்லார் கண்ணும் என் முதுகில் விழுவது போல இருந்தது. சக்கரத்துக்கு எண்ணெய் இல்லை. கீச்சு கீச்சு என்று தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தது.

தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் நிறுத்தினார். "என்னப்பா விற்கிறாய்?"

கன்னியம்மா சொன்னாள். "ஒண்ணும் விக்கல சாமி. தோட்டத்துக்கு மண்ணு போடறவரு. பூ எப்பிடி வந்துக்கீதுன்னு பாக்க வந்தாரு."

பெரியவர் தலையை அசைத்து வழி விட்டார். நான் அதைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்தேன்.

தண்ணீர் விழுந்த இடம் வந்தது. ஒரு சிமிட்டித் தொட்டி, நடுவில் ஒரு குழாய், மேலே மிதக்கும் வேப்பிலைச் சருகு. அவள் நின்று பார்த்தாள்.

"மீனு எங்கய்யா?"

"நீந்திப் பூட்சி" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பயந்துபோனேன். இல்லை, சிரித்தாள்.

என் கதையில் கிளிக்கூண்டு இருந்த இடத்தில் இரண்டு முயல்கள் இருந்தன. மேடை நான் கட்டியதில் பாதிதான். புறா எச்சம். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், நான் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டேன்.

ஏரி மண்

மேடைக்குப் பக்கத்தில் தொட்டிகளை இறக்கினேன். அங்கே நீளமாக ஒரு பாத்தி. சிவப்பிலும் மஞ்சளிலும் ஏதோ சீமைப் பூ, இடுப்பு உயரத்துக்கு. அப்படி ஒரு பூக்கூட்டத்தை நான் கதையில்கூட வைத்ததில்லை. வைக்கத் தெரியவில்லை.

கன்னியம்மா குனிந்து பாத்தி ஓரத்து மண்ணைக் கையில் எடுத்தாள். அதில் வெள்ளை வெள்ளையாகச் சின்ன நத்தை ஓடுகள். எங்கள் ஏரியில் கோடையில் கால் வைத்தால் நொறுங்குமே, அதே ஓடு.

மண்ணை முகர்ந்து பார்த்தாள்.

"இது நம்ம ஏரி."

"ஆமா."

"நீ போட்டதா?"

"ஆமா. பங்குனில போட்டது." அந்த மண் எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. குழி ஓரம் கொட்டினேன், போனேன்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இருசன் கைவண்டிக்கு அடியிலிருந்து கயிறு எட்டுகிற வரைக்கும் வந்து, அவள் காலில் முகத்தை வைத்தது.

"நம்ம கொயந்த கிட்ட இருந்து எடுத்ததா?"

இந்தக் கேள்வி அவளுக்குள் எத்தனை நாளாக இருந்ததோ. நான் ஏரியில் மண்வெட்டியோடு இறங்கும் ஒவ்வொரு நாளும் அவள் வீட்டுக்குள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளோ. எனக்கு அது தோன்றவே இல்லை. நான் மீன், கிளி என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

"இல்ல. அது கரைக்கு அந்தாண்ட, பன வரிச கிட்ட. அங்க யாரும் மண்ணு எடுக்கறதில்ல. நான் எடுக்கறது மதகு பக்கம், ஏரி உள்வாயில. அந்தப் பக்கம் நான் மாட்டக்கூட ஓட்டறதில்ல. தெனம் போவசொல்ல நின்னு பாத்துட்டு தான் போறேன்."

"நீ பாக்கறியா?"

"தெனம்."

"சொன்னதே இல்லியே."

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு இல்லை. கையில் இருந்த மண்ணைக் கீழே போடாமல் அழுதாள். குழந்தையின் கை எப்படி அவள் விரலைப் பிடித்தது, காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது, எல்லாம் சொன்னாள். மச்சம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டேன்.

வரதன் தூரத்திலிருந்து கையைக் காட்டினார். துரை வருகிற நேரம். கைவண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினோம். அவள் ஒரு பிடியை நானும் ஒரு பிடியை அவளுமாகப் பிடித்துக்கொண்டாள். நான் எழுதியது சரியாக வரவில்லை. ஆளுக்கு ஒரு பிடி.

அதற்குப் பிறகு பல தோட்டங்களுக்குப் போயிருக்கிறோம். பட்டணத்தில் மிருகங்களைக் கூண்டில் வைத்திருக்கும் உயிர்க் காலேஜுக்குக் கூட ஒரு முறை ரயிலில் போனோம். இருசனுக்கு ஒரு பழைய வாரும் சங்கிலியும் வாங்கிப் போட்டேன். வாரைப் போட்டதும் அது துரை வீட்டு நாய் போல நடக்கும். அந்தக் கூத்தை வேறொரு நாள் எழுத வேண்டும்.

மறுநாள் காலை

திங்கட்கிழமை நான் மாடு பூட்டிக்கொண்டிருந்தேன். கன்னியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வரசொல்ல பூந்தமல்லில மல்லாட்ட வாங்கிக்கினு வா. வறுத்தது வேணா, பச்ச."

"சரி" என்றேன். வேர்க்கடலையைத்தான் சொன்னாள்.

"மறந்துடாத."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அங்கே ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு சட்டென்று நின்றது. ராட்டினச் சத்தம்கூட நின்றுவிட்டது. நான் நுகத்தடியைப் பிடித்தபடி அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

யாரோ ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். குடத்தைக் கல்லில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல், இன்னொரு குரல். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

காதைக் கொடுத்துக் கேட்டேன். அவ்வளவு இரைச்சலில் அவள் குரல் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மாட்டைத் தட்டி ஓட்டினேன்.

இதை எழுத வேண்டும் என்று பல வருடமாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எழுதி முடித்தது இன்று, மாசி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை.